லுட்டைட்: சொல் வந்த கதையும் தமிழ்ச் சொல்லும்

ஆபீஸ்ல ஏஐ எதுக்குன்னு யாராவது கேட்டா உடனே "லுட்டைட்"னு முத்திரை குத்திடுறாங்க. மெஷினைக் கண்டா ஆகாதவன், முன்னேற்றம் பிடிக்காதவன்னு அர்த்தம் ஆகிப்போச்சு. அந்தப் பேருக்குச் சொந்தக்காரங்க பாடு தெரிஞ்சா இப்படிச் சொல்ல மனசு வராது.

1811ல இங்கிலாந்துல நாட்டிங்ஹாம் பக்கம் காலுறை பின்னுற தொழிலாளிங்க ராத்திரியில போய் தறிகளை உடைச்சாங்க, முதலாளிங்களுக்கு மிரட்டல் லெட்டர் எழுதி அடியில "ஜெனரல் லுட்"னு கையெழுத்து போட்டாங்க, அதுலேர்ந்து வந்ததுதான் லுட்டைட். நெட் லுட்னு ஒரு பையன் முன்னாடி ஆத்திரத்துல தறியை உடைச்சான்னு ஒரு கதை உண்டு, அப்படி ஒரு ஆளு இருந்ததுக்கு ஆதாரம் கிடையாது.

அந்தத் தறி 1589லேயே வந்துடுச்சு, ரெண்டு நூற்றாண்டா அதுலதான் அவங்க வயித்துப்பாடு ஓடுச்சு. வயித்துல அடிச்சது வேற: அகலத் தறியில மொத்தமா துணி பின்னி, வெட்டித் தச்சு காலுறைன்னு வித்தாங்க, தையல் சீக்கிரம் பிரிஞ்சுடும் ஆனா விலை கம்மி, அதுக்குத் தொழில் முழுசா கத்துக்காத ஆளுங்களை வச்சு எல்லார் கூலியையும் குறைச்சாங்க, சங்கம் வைக்கலாம்னா சட்டமே தடை. அதனால கூலியைக் குறைச்ச முதலாளி தறியாப் பாத்துத்தான் உடைச்சாங்க, ஒழுங்கா கூலி குடுத்தவங்க தறியைப் பல இடத்துல தொடல. யார்க்‌ஷயர்ல கம்பளித் துணி மேல இருக்குற பிசிறைக் கத்தரிக்கிற மெஷினை உடைச்ச பெரிய சம்மட்டிக்குப் பேரே ஈனாக். மெஷினும் சம்மட்டியும் ரெண்டுமே ஈனாக் டெய்லர் பட்டறையில செஞ்சதுதான்.

1812ல தறி உடைச்சா மரண தண்டனைன்னு சட்டம் வந்துச்சு. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில எதிர்த்துப் பேசினாரு, ஒண்ணும் நடக்கல. 1813 ஜனவரியில யார்க் நகரத்துல கொலை, ஆலைத் தாக்குதல்னு பல வழக்குல 17 பேரைத் தூக்குல போட்டாங்க.

இப்ப தமிழுக்கு வருவோம். "எந்திர வெறுப்பாளர்"னு எழுதினா முதலாளி தரப்பு சொன்னதையே நாமளும் சொல்ற மாதிரி ஆயிடும். வரலாறு எழுதுறப்ப "தறி உடைப்பாளர்" போதும். இன்னைக்கு உள்ள அர்த்தத்துக்கு என் ஓட்டு "எந்திரத் திணிப்பு எதிர்ப்பாளர்". கொஞ்சம் நீளம்தான், ஆனா இந்தித் திணிப்பு எதிர்ப்பு பாத்த ஊருக்கு இது சட்டுனு புரியும், சண்டை மொழியோட இல்ல திணிக்கிறவனோடன்னு நமக்கு யாரும் பாடம் எடுக்க வேணாம். யாராவது திட்டுறதுக்காகச் சொன்னா மட்டும் "லுட்டைட்"னே மேற்கோள்ல விட்டுடலாம்.