கசடுதான் கதாநாயகன்

நகரம் வெளியேற்றும் கழிவுநீரில் 99.9 சதவீதம் வெறும் தண்ணீர்தான். மிச்சமிருக்கும் துளி அழுக்கு ஆற்றையே கொன்றுவிடுகிறது. அது பாக்டீரியாக்களுக்கு அருமையான உணவு என்பதுதான் சிக்கல்.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். ஒரு லிட்டர் வீட்டுக் கழிவுநீரிலுள்ள அழுக்கைத் தின்று தீர்க்கவோ பாக்டீரியாக்களுக்குச் சுமார் 200 மில்லிகிராம் வேண்டும். ஒரு லிட்டர் சாக்கடை, 25 லிட்டருக்கும் மேலான ஆற்றுநீரின் மூச்சைப் பறித்துவிடும் என்று கணக்கு. மீன்கள் செத்த பிறகு, ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் பெருகி ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடும். கூவம் பாலத்தில் நம்மை மூக்கைப் பொத்தவைக்கும் அழுகிய முட்டை வாடை அதுதான்.

இந்த விருந்தை ஆற்றுக்கு வெளியிலேயே நடத்தி முடிப்பதற்காகத்தான் சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. உள்ளே வரும் நீரிலிருந்து பிளாஸ்டிக்கையும் துணியையும் கம்பிச் சல்லடை தடுக்கும். மணலும் கனமான கசடும் தொட்டிகளில் படியும். அதுவரை நடப்பது வெறும் வடிகட்டல். வித்தை அடுத்த தொட்டியில் இருக்கிறது.

1914-இல் மான்செஸ்டரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் கழிவுநீரை நிரப்பிக் காற்றைச் செலுத்தினார்கள். நீர் முழுதாகத் தெளிய சுமார் ஐந்து வாரம் பிடித்தது. நகரத்துக்கு அது உதவாது. பிறகு தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புக் கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்ததில் ஐந்து வாரம் ஒரே நாளாகச் சுருங்கியது. பாலுக்கு உறை ஊற்ற நேற்றைய மோரை எடுத்து வைக்கிறோமே, அதே சூட்சுமம். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபவுலர் பின்னாளில் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார்.

இன்றும் முறை அதுவே. காற்றூட்டும் தொட்டியில் சில மணி நேரம் கொப்பளித்த நீர் அடுத்த தொட்டியில் அசையாமல் நிற்கும். தின்று கொழுத்த நுண்ணுயிர்கள் திரளாக அடியில் இறங்கும். மேலே தெளிந்த நீர் வழியும். இறங்கிய கசட்டில் பெரும்பகுதியை மறுபடி பழைய தொட்டிக்கே அனுப்பிவிடுவார்கள். மிகுதியை மூடிய கலனில் செரிக்கவைத்தால் மீத்தேன் கிடைக்கும். அதிலிருந்து மின்சாரமும் எடுக்கலாம். நிலையத்தின் மின்கட்டணத்தில் பெரும்பங்கு காற்றடிக்கவே போவதால், அந்த மின்சாரம் சிறு உதவியல்ல.

கசடு நலமா என்று அறிய ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவை போதும். காற்றூட்டும் தொட்டி நீரை அதில் நிரப்பி 30 நிமிடம் விட்டால், நல்ல கசடு கீழே இறங்கி மேல்நீர் தெளியும். இழை பாக்டீரியாக்கள் பெருகியிருந்தால் பஞ்சுபோல் உப்பி இறங்க மறுக்கும். தொட்டியிலும் அதுவே நடந்து கசடு ஆற்றுக்குப் போய்விடும். நுண்ணோக்கியில் வோர்ட்டிசெல்லா என்ற, காம்புடைய மணி வடிவ ஒருசெல் உயிரிகள் தென்பட்டால் அங்கிருப்பவர்கள் நிம்மதியாக இருப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகும் வெளியேறும் நீர் ஆற்றுநீர் ஆகிவிடாது. 1912-இல் பிரிட்டன் அரச ஆணையம் வெளியேறும் நீரில் மிஞ்சிய அழுக்கைத் தின்ன பாக்டீரியாக்களுக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் தேவைப்படக் கூடாது என்ற வரம்பை வகுத்தபோது, குறைந்தது எட்டு மடங்கு நன்னீர் ஆற்றில் ஓடும் என்று எண்ணியே வகுத்தது. கோடைக்காலக் கூவத்தில் எட்டு மடங்குக்கு எங்கே போவது? ஆகவே ஒரு பகுதி நீரை மேலும் வடிகட்டி ஆலைகளுக்குக் கொடுப்பது புத்திசாலித்தனம். கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019 முதல் நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் திறனுள்ள எதிர்ச் சவ்வூடு பரவல் (ஆர்.ஓ.) நிலையங்கள் இதற்காகவே உள்ளன. அந்த அளவுக்கு ஏரிநீர் குடிநீருக்கு மிஞ்சும்.

ஆனால் எந்த நிலையமும் குழாய் வழியே தன்னிடம் வரும் நீரைத்தான் சுத்தம் செய்யும். யாரோ இரவோடு இரவாக மழைநீர் வடிகாலில் இணைத்த வீட்டுக் கழிவுக்குழாய் நெசப்பாக்கத்துக்குப் போவதில்லை. நேரே அடையாற்றில் போய்ச் சேர்கிறது.