கழுத்தைப் பிடித்தாரா என்று கேளுங்கள்

மகளிர் காவல் நிலையத்துக்கு வரும் பெண்கள் அடி வாங்கியதைச் சொல்வார்கள். வீங்கிய கையைக் காட்டுவார்கள். குடி, அடகுக்குப் போன நகை, மாமியாரின் பேச்சு எல்லாம் வரும். கழுத்து மட்டும் வராது. நானாகக் கேட்டால்தான், "ஆமாம்மா, அன்னைக்குக் கழுத்தைப் பிடிச்சாரு. மூச்சு முட்டிச்சு. அப்புறம் விட்டுட்டாரு" என்று சாதாரணமாகச் சொல்வார்கள்.

நகரத்து மகளிர் காவல் நிலையம் ஒன்றில் ஆலோசகராக இருக்கிறேன். சமூகப்பணி படித்தவள். எனக்குச் சீருடை கிடையாது, வழக்குப் போடும் அதிகாரமும் கிடையாது. புகார் கொடுக்க வருபவரின் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்ல வைப்பதும், ஆஸ்பத்திரிக்கும் கோர்ட்டுக்கும் கூடப் போவதும்தான் என் வேலை. 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் மகளிர் காவல் நிலையம் வந்தது. பெண் போலீஸிடம் பெண்கள் மனம் விட்டுப் பேசுகிறார்கள், அது உண்மை. ஆனால் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. எதைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் வெகு நாள் தெரியவில்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெண் வந்தார். குரல் கம்மியிருந்தது. "சளி" என்றார். கழுத்தில் ஒரு கீறல்கூட இல்லை; நானும் விட்டுவிட்டேன். "அடித்துத் துன்புறுத்தினார்" என்று மனு எழுதி, சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது வழக்குப் பதியாமல் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்கினோம். கணவரைக் கூப்பிட்டு, இனி செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கி அனுப்பினார்கள். இரண்டாவது முறை வந்தபோதுதான் சொன்னார்: அன்று கண் இருட்டி விழுந்திருக்கிறார், புடவையிலேயே சிறுநீர் போயிருக்கிறது. வெட்கத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அந்த வெட்கத்தைத் தாண்டி வர ஒரு கேள்வி போதுமாக இருந்திருக்கும். அதை நான் கேட்கவில்லை.

கழுத்தை நெரித்தால் வெளியே தடம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குரல் மாறுவது, விழுங்கும்போது வலிப்பது, கண்ணில் சிவப்புப் புள்ளிகள், நடந்தது பாதி மறந்துபோவது, இவையெல்லாம் அடையாளங்கள். உள்ளே ரத்தக்குழாய் காயப்பட்டிருந்தால் சில நாள் கழித்துப் பக்கவாதம்கூட வரலாம். ஒரு முறை கழுத்தை நெரித்தவனின் கையால் அந்தப் பெண் பிறகு கொல்லப்படும் ஆபத்து பல மடங்கு கூடுகிறது என்பதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். கன்னத்தில் விழுந்த அறையோடு இதைச் சேர்த்து எண்ணவே கூடாது.

அதனால் மனுவில் விவரமாக எழுதச் சொல்கிறேன். ஒரு கையா, இரண்டு கையா, துப்பட்டாவா? மூச்சு நின்றதா, நினைவு போனதா? அப்போது வாயால் என்ன சொன்னார்? அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரிடமும் இதே வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். "அடிச்சாரு" என்று மட்டும் சொன்னால் காயத்தோடு வருபவர்களைப் பற்றி ஆஸ்பத்திரியில் எழுதும் ஏ.ஆர். பதிவேட்டில் அதுதான் ஏறும். கணவனின் கொடுமைக்கான பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 85-வது பிரிவில் தண்டனை 3 ஆண்டு வரை. கொலை முயற்சிக்கான 109-ல் 10 ஆண்டு வரை, காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் வரைகூட. எந்தப் பிரிவு என்பதைப் போலீஸ் முடிவு செய்யும்போது அவர்கள் கையில் இருப்பது இந்த மனுவும் டாக்டரின் குறிப்பும்தான்.

"குடும்ப விஷயம், உட்கார வைத்துப் பேசி அனுப்பிடலாம்" என்று சொல்லும் அதிகாரிகளோடு நான் அதிகம் வாதாடுவது இந்த இடத்தில்தான். சண்டை சச்சரவுக்குப் பேசலாம், சரி. மூச்சை நிறுத்தியவனையும் மூச்சு நின்றவளையும் எதிரெதிரே உட்கார வைத்தால் அவள் எப்படி வாய் திறப்பாள்?

வழக்கே வேண்டாம் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களை நான் வற்புறுத்துவதில்லை. 2005-ன் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் மூலமாக மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையையும் கேட்கலாம். பெண்கள் உதவி எண்ணான 181-ஐக் கூப்பிட்டால் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் பிள்ளைகளோடு தற்காலிகமாகத் தங்க வழி செய்வார்கள். இது எதுவும் வேண்டாம் என்றாலும் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்வேன்: வீட்டுக்குப் போகும் முன் ஆஸ்பத்திரிக்குப் போய் கழுத்தைக் காட்டிவிட்டுப் போங்கள். ஆட்டோவில் நானும் ஏறிக்கொள்வேன்.