ஏஸ் ஜோடி தோற்றால் எங்கே தவறு?

போக்கரில் முதல் இரண்டு சீட்டுகளாக இதைவிட நல்லது வராது: இரண்டு ஏஸ். எதிராளியிடம் இரண்டு ராஜா. இருவருமே தங்கள் மொத்தப் பணத்தையும் நடுவில் தள்ளிவிட்டார்கள். பொதுச் சீட்டுகள் ஒவ்வொன்றாக விழுகின்றன. ஐந்தாவதாக வந்தது இன்னொரு ராஜா. எதிராளிக்கு இப்போது மூன்று ராஜா. ஏஸ் வைத்திருந்தவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து போகவேண்டியதுதான்.

அவர் செஸ் ஆட்டக்காரர் என்றால் அன்றிரவு தூங்கமாட்டார். செஸ்ஸில் தோற்றவர் ஆட்டக் குறிப்பைப் புரட்டினால், பதினெட்டாவது நகர்த்தலில் குதிரையை அங்கே வைத்தது தப்பு என்று கண்டுபிடித்துவிடலாம். தோற்றாயா, தேடு, தவறு கிடைக்கும் என்பது சிறு வயதிலிருந்தே ஊறிப்போன பழக்கம். இந்த ஏஸ் ஆட்டத்தில் விடியவிடியத் தேடினாலும் ஒன்றும் கிடைக்காது. ஏஸ் ஜோடி, ராஜா ஜோடியை 100க்குச் சுமார் 82 முறை வெல்லும். நடந்தது மீதி 18இல் ஒன்று. நாளை இதே நிலைமை வந்தால் இதே மாதிரிதான் ஆடவேண்டும்.

செஸ்ஸிலிருந்து வருபவர்களுக்குப் போக்கரில் விழும் பெரிய அடி இதுதான் என்று நினைக்கிறேன். கணக்கு அவர்களுக்குச் சிரமமே இல்லை. முடிவை வைத்து ஆட்டத்தை எடைபோடும் பழக்கத்தை விடுவதுதான் சிரமம்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. செஸ் பலகையில் 32 காய்களும் இருவர் கண்ணுக்கும் தெரியும். போக்கரில் உங்கள் இரண்டு சீட்டுகள் போக மீதி 50. எதிராளியின் கையில் இருக்கக்கூடிய ஜோடிகள் 1,225. அவற்றில் எது என்று குறிபார்த்துச் சொல்வது சினிமாவில் நடக்கும். நிஜ ஆட்டக்காரர் பந்தயம் ஏற ஏற அந்தப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வந்து, மிஞ்சும் அத்தனை ஜோடிகளுக்கும் எதிராகச் சேர்த்து ஆடுகிறார்.

ஓர் உதாரணம். நடுவில் 100 ரூபாய். கடைசிச் சீட்டும் விழுந்தாயிற்று. எதிராளி 50 ரூபாய் கட்டுகிறார். நீங்களும் 50 போட்டால் மொத்தம் 200. நான்கில் ஒரு முறை வென்றாலே முதலுக்கு மோசமில்லை. இது எதிராளிக்கும் தெரியும். ஆகவே அவர் இப்படிக் கட்டும் ஒவ்வொரு நான்கு தடவையிலும் மூன்று தடவை நல்ல சீட்டோடும், ஒரு தடவை ஒன்றுமில்லாமல் வெறும் பிளஃபாகவும் கட்டினால், நீங்கள் போட்டாலும் விட்டாலும் கணக்கு ஒன்றுதான். சரியான விடை இங்கே ஒரு நகர்த்தலாக இல்லை, ஒரு விகிதமாக இருக்கிறது. எந்தத் தடவை பிளஃப் என்பதில் ஒழுங்கு தெரிந்துவிட்டால் ஆட்டம் போச்சு; அதற்காகக் கைக்கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு நிலையிலும் 'சிறந்த நகர்த்தல்' தேடி வளர்ந்தவருக்கு இது ஏறக்குறைய அபத்தமாகத் தோன்றும். இதற்கான கணித அடித்தளத்தை 1928இலேயே கணித மேதை ஜான் வான் நியூமன் போட்டுவிட்டார்.

கணினிகளும் இந்த வரிசையில்தான் தடுமாறின. டீப் ப்ளூ என்ற கணினி செஸ் உலகச் சாம்பியன் காஸ்பரோவை வென்றது 1997இல். நான்கு தொழில்முறைப் போக்கர் ஆட்டக்காரர்களை லிப்ராட்டஸ் என்ற நிரல் வெல்ல 2017 ஆயிற்று. காஸ்பரோவுக்கு ஆறு ஆட்டம் போதுமாக இருந்தது. லிப்ராட்டஸ் 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. அதிர்ஷ்டத்தைக் கழுவித் துடைத்துவிட்டு யார் கெட்டிக்காரர் என்று பார்க்க அத்தனை தேவைப்பட்டது.

இதையெல்லாம் தாண்டிச் சாதித்தவர்கள் இருக்கிறார்கள். 1971இல் மாசசூசெட்ஸ் மாநில செஸ் சாம்பியனான டான் ஹாரிங்டன், 1995இல் போக்கர் உலகத் தொடரின் முக்கியப் போட்டியை வென்றார். 2003இலும் 2004இலும் அதே போட்டியின் இறுதி மேசைக்கு வந்தார். நிதானத்துக்குப் பேர்போன அவருக்கு 'ஆக்‌ஷன் டான்' என்று பட்டப்பெயர், வைத்தவர்கள் குறும்புக்காரர்கள். மணிக்கணக்கில் அசையாமல் உட்காருவதும், வீட்டுக்குப் போய்த் தன் ஆட்டத்தையே அறுத்துப் பார்ப்பதும் செஸ் கொடுக்கும் சொத்து. போக்கரையும் கணினி நிரலோடு உட்கார்ந்து படிக்கும் இந்தக் காலத்தில் அந்தச் சொத்தின் மதிப்பு கூடியிருக்கிறது.

செஸ் உலகச் சாம்பியனாக இருந்த மாக்னஸ் கார்ல்சன் 2022இல் நார்வே போக்கர் சாம்பியன்ஷிப்பில் ஆடினார். 1,050 பேரில் 25ஆவது இடம். அந்த ஒரு போட்டியை வைத்து அவர் நல்ல போக்கர் ஆட்டக்காரரா என்று யாராலும் சொல்ல முடியாது. அதே கார்ல்சனுக்கு எதிரே செஸ் பலகையில் நாம் உட்கார்ந்தால், இருபது நகர்த்தலுக்குள் எல்லாம் தெரிந்துவிடும்.