பசிக்கும் முன்பே நீளும் பாட்டில்: 50 கி.மீ. பனிச்சறுக்கும் மதுரை ஓட்டக்காரர்களும்

ஆண்கள் 50 கிலோமீட்டர் கிராஸ் கன்ட்ரி பனிச்சறுக்குப் பந்தயம் டிவியில் வந்தால், முன்னால் போகிறவரைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஏற்றத்தின் ஓரத்தில் நிற்கிற பயிற்சியாளரைப் பாருங்கள். கையில் ஒரு பாட்டில் இருக்கும். தன் வீரர் நெருங்கியதும் அவரும் அதே திசையில் ஓட ஆரம்பித்து, பாட்டிலை நீட்டுவார். வீரர் நிற்காமலே வாங்கிக்கொள்வார். ஊன்றுகோல் மணிக்கட்டு வாரில் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மடக்கு. பாட்டில் பனியில் விழும். கோல்கள் மறுபடி ஊன்றப்படும்.

அந்தப் பாட்டிலில் இருப்பது வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசல், கொஞ்சம் உப்பு. பசியோ தாகமோ எட்டிப் பார்க்காத தொடக்கச் சுற்றுகளிலேயே இது ஆரம்பித்துவிடுகிறது. 2010 வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் நார்வேயின் பெட்டர் நார்துக் இந்தப் பந்தயத்தை 2 மணி 5 நிமிடம் 35.5 நொடியில் முடித்தார். ஜெர்மனியின் ஆக்ஸல் டைக்மான் வெறும் 0.3 நொடி பின்தங்கி வெள்ளி வாங்கினார். இமைப்பொழுதில் தங்கம் கைமாறுகிற பந்தயத்தில் பாட்டிலுக்காக வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள் என்றால், காரணம் இல்லாமலா? மதுரையில் 21, 42 கிலோமீட்டர் ஓடப் பழகுகிறவர்களும், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பனி இல்லை. தசைக்குள் நடக்கிற கணக்கு மட்டும் அதேதான்.

சாப்பிடுகிற மாவுச்சத்தை உடம்பு கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. கல்லீரலில் சுமார் 100 கிராம், தசைகளில் சுமார் 400 கிராம். கிராமுக்கு 4 கலோரி என்று வைத்தால் மொத்தக் கையிருப்பு 2,000 கலோரி. பனிச்சறுக்கு வீரர் மணிக்கு 1,000 கலோரிக்கு மேல் எரிக்கிறார். பாதையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஏற்றம். காலோடு தோளும் முதுகும் மேல்கையும் சேர்ந்து உழைக்கின்றன. கொழுப்பும் எரியும்தான், ஆனால் வேகம் கூடக்கூட உடம்பு மாவுச்சத்தைத்தான் அதிகம் கேட்கும். கையிருப்பு கரைந்துவிட்டால் கால் கல்லாகக் கனக்கும், தலை கிறுகிறுக்கும், புத்தி மந்தமாகும்.

ஓட்டத்துக்கு இதே கணக்கைப் போடலாம். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 21 கிலோமீட்டர் என்றால் 1,470. 42 என்றால் 2,940. அரை மாரத்தானை வெறும் வயிற்றோடு ஓடி முடித்தவர், அதே தைரியத்தில் முழு மாரத்தானுக்குப் போய் 30-வது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிடுவதற்கு இந்தக் கழித்தல்தான் காரணம். அவருக்கு மனவலிமை போதவில்லை என்று சொல்வது அநியாயம்.

ஆகவே ஓடத் தொடங்கிய 30 நிமிடத்துக்குள் முதல் மடக்கு உள்ளே போக வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும். குளுக்கோஸை மட்டும் எடுத்தால் குடல் மணிக்கு 60 கிராம் அளவுக்குத்தான் உறிஞ்சும். ஃப்ரக்டோஸும் (பழச்சர்க்கரை) சேர்ந்தால் அது வேறு வழியாகப் போவதால் 90 கிராம் வரை போகலாம். நம் வீட்டுச் சீனியில் இரண்டும் பாதிப் பாதி இருக்கின்றன. ஒரு லிட்டர் தண்ணீரில் 60 கிராம் சீனி, கால் டீஸ்பூன் உப்பு (தட்டி மட்டப்படுத்தியது, சுமார் 1.5 கிராம்), அரை மூடி எலுமிச்சம்பழம். இதில் மணிக்கு அரை லிட்டர் குடித்தால் 30 கிராம் கிடைக்கும். கூடவே ஒரு சின்ன வாழைப்பழம் 15, 20 கிராம் தரும்.

தப்பு நடப்பது அளவில்தான். ‘சத்து அதிகமாகட்டும்’ என்று அரை லிட்டரில் 100 கிராம் சீனியைக் கொட்டினால், அந்தக் கெட்டிக் கரைசல் இரைப்பையிலேயே தேங்கும். ஓடும்போது வயிறு குலுங்கும், குமட்டும். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கரைப்பதும் இதே வகைத் தவறு. அதில் உப்பு அதிகம், சர்க்கரை குறைவு. அது வயிற்றுப்போக்குக்காகச் செய்தது. கடலை மிட்டாய் நல்ல தின்பண்டம், ஆனால் கடலையில் பாதி கொழுப்பு. ஓடும்போது தின்றால் செரிக்க நேரமாகும். ஓட்டம் முடிந்தபின் தின்னுங்கள். ஓட்டத்துக்கு முன் மூன்று நாலு வாரமாவது, ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டங்களில் இதே பானத்தைக் குடித்துக் குடலைப் பழக்க வேண்டும். பந்தய நாளில் புதிதாக எதையும் வாயில் வைக்காதீர்கள்.

தண்ணீர் விஷயத்தில் குளிரும் வெயிலும் எதிரெதிர்த் திசையில் ஏமாற்றுகின்றன. குளிரில் தோலுக்குப் போகிற ரத்தம் உள்ளே இழுக்கப்படுவதால், உடம்பில் நீர் நிறைய இருப்பதாக எண்ணி சிறுநீரகம் வெளியேற்றும், தாகமும் அடங்கிவிடும். அதனால்தான் பனிச்சறுக்கு வீரர்கள் தாகத்தை நம்பாமல் சுற்றுக்கணக்கில் குடிக்கிறார்கள். இங்கே கதை வேறு. மதுரையில் விடியற்காலைக் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை சொட்டும், ஆவியாகாது. சொட்டி விழுகிற வியர்வையால் உடம்பு குளிராது. நீர் மட்டும் போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் வியர்வையின் அளவை நீங்களே கண்டுபிடிக்கலாம். ரேஸ்கோர்ஸ் மைதானத்திலோ அழகர்கோவில் சாலையிலோ ஒரு மணி நேரம் ஓடுங்கள். ஓடுமுன் சிறுநீர் கழித்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். முடித்ததும் வியர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 68.0, பின்பு 67.2, நடுவில் குடித்தது 400 மி.லி. என்றால் போன வியர்வை 1.2 லிட்டர். அவ்வளவையும் திருப்பிக் குடிக்க வேண்டியதில்லை. மொத்த ஓட்டத்திலும் எடை 2 சதவீதத்துக்கு மேல் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பங்குனியில் எடுத்த கணக்கு மார்கழிக்குப் பொருந்தாது. பருவத்துக்கு ஒரு முறை எடுங்கள்.

எடை கூடியிருந்தால்தான் அதிகம் பயப்பட வேண்டும். மெதுவாக ஐந்தாறு மணி நேரம் நகர்கிறவர், வழியில் உள்ள ஒவ்வொரு பந்தலிலும் வெறும் தண்ணீரை வயிறுமுட்டக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். விரல் உப்பி மோதிரம் இறுகும், தலைவலி, வாந்தி, பிறகு குழப்பம், வலிப்பு. இவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. மருத்துவமனையில் சோடியம் பார்த்துத்தான் சிகிச்சை. பாதயாத்திரையில் மோர், உப்புக் கஞ்சி கொடுக்கிற பந்தல்கள் இந்த வகையில் உண்மையாகவே நல்ல காரியம் செய்கின்றன. இன்னொன்று: முழங்கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாக டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். நீர் வற்றிய உடம்பில் அவை சிறுநீரகத்தைப் பதம் பார்த்துவிடும்.

வானிலையைப் பந்தயம் நடத்துகிறவர்கள் மதிக்க வேண்டும். சர்வதேசப் பனிச்சறுக்கு விதிப்படி, பாதையின் மிகக் குளிர்ந்த இடத்தில் மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போனால் பந்தயத்தைத் தள்ளிவைக்க வேண்டும், இல்லையென்றால் ரத்து செய்ய வேண்டும். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜாங்ஜியாகோவில் காற்று கடுமையாக வீசியதால் தொடக்கத்தை ஒரு மணி நேரம் ஒத்திவைத்து, 50 கிலோமீட்டரை 30 ஆகக் குறைத்தார்கள்; வீரர்கள் கடந்தது 28.4 கிலோமீட்டர். மைனஸ் 15 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று அடித்தால் தோலுக்கு அது மைனஸ் 26 போல உறைக்கும். அன்று மெல்லிய உடையில் பந்தயத்தை முடித்த பின்லாந்து வீரர் ரெமி லிண்ட்ஹோல்ம், தன் ஆணுறுப்பு உறைந்துபோய்ச் சூடேற்ற வேண்டியிருந்ததைக் கூச்சப்படாமல் வெளியே சொன்னார். சொன்னதால்தான் அடுத்தவர் எச்சரிக்கையாக இருக்க முடிகிறது. ஒலிம்பிக்கையே சுருக்கலாம் என்றால், கொடியசைக்க வருகிற சிறப்பு விருந்தினருக்காக நம் ஊர் ஓட்டத்தை 5 மணியிலிருந்து 6.30-க்குத் தள்ளுவதை நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? பங்குனி, சித்திரையில் அந்த ஒன்றரை மணி நேரம் உயிரோடு விளையாடுவது.

முடிவுக்கோட்டில் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறோம். 1998 நாகானோ ஒலிம்பிக்கில் நார்வேயின் பியோர்ன் டேலி 50 கிலோமீட்டரை 8.1 நொடி வித்தியாசத்தில் வென்று, கோட்டைத் தாண்டியதும் பனியில் சாய்ந்தார். கோடு தாண்டியபின் விழுகிறவர்களில் பலருக்கு நடப்பது ஒரு சாதாரண விஷயம்: ஓடும்போது கால் தசைகள் ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தன, சட்டென்று நின்றதும் ரத்தம் காலிலேயே தங்கிவிடுகிறது. அதனால் முடித்ததும் நிற்காமல் பத்து நிமிடம் நடங்கள். விழுந்தவரை நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிவார்.

தெளியாவிட்டால்? பெயர் என்ன, எந்தத் தெரு, இன்றைக்கு என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் உளறலாகவோ எரிச்சலாகவோ வந்தால் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அக்குளில் வைத்த தெர்மாமீட்டரை நம்பாதீர்கள். வியர்த்த தோலில் அது குறைத்துக் காட்டும், உள்ளே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். 108-க்கு ஒருவர் போன் செய்யட்டும், மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்க ஆரம்பிக்க வேண்டும். முதல் 30 நிமிடத்துக்குள் சூடு இறங்க வேண்டும்; குளிர்வித்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏற்றுவதுதான் சரி. ஓட்டம் நடத்துகிறவர்கள் ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும், மீன் கடைக்குப் போகிற ஐஸ் கட்டி நாலும் முந்தின நாளே சொல்லி வைக்கலாம். தொட்டியில் கழுத்து வரை இறக்கி, தலையை ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டே, தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்க வேண்டும். அசையாத தண்ணீர் உடம்பை ஒட்டிச் சூடாகிவிடும். தொட்டி இல்லையென்றால் ஐஸ் தண்ணீரில் நனைத்த வேட்டியை உடம்பு முழுக்கப் போர்த்தி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றி, விசிறுங்கள். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டுக்கு வேலை செய்யாது.