புது போன் வந்ததும் பழையதை அழித்துவிடாதீர்கள்

புது போன் ஒன்று அறிமுகமாகிறது என்றால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. அறிமுக விழாவை நேரலையில் பார்ப்பேன், அதில் சொல்லாமல் விட்டதைத் தேடிப் படிப்பேன். அது என் பைத்தியம். தொழில் வேறு: போன் பழுது பார்ப்பது, பழைய போனில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தருவது. அதனால் மேடையில் மின்னிய அதே போன் மூன்று வருஷம் கழித்து என் மேஜைக்கு எந்தக் கோலத்தில் வருகிறது என்பதையும் பார்க்கிறேன்.

"எந்த போன் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் கேமராவைக் கேட்பார்கள், ராமைக் கேட்பார்கள், எத்தனை நிமிஷத்தில் சார்ஜ் ஏறும் என்று கேட்பார்கள். இந்த போனுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்பு அப்டேட் வரும் என்று கேட்பவர்கள் அபூர்வம். எனக்கு அதுதான் முதல் கேள்வி. கண்ணாடி உடைந்தால் மாற்றலாம், பேட்டரி போனால் மாற்றலாம். கம்பெனி அப்டேட்டை நிறுத்திவிட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015-இல் வெளிவந்த ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டை நல்ல உதாரணம். ஆண்ட்ராய்டு போனில் வீடியோ, ஆடியோவைக் கையாளும் பகுதியில் இருந்த குறை அது. திட்டமிட்டுத் தயாரித்த ஒரு எம்எம்எஸ் வந்து சேர்ந்தாலே போதும், போனுக்குள் நுழைய வழி கிடைத்துவிடும். போன்காரர் எதையும் தொடக்கூட வேண்டியதில்லை. அந்த ஆகஸ்டிலிருந்துதான் கூகுள் மாதாமாதம் பாதுகாப்பு அறிக்கை வெளியிடத் தொடங்கியது. ஆனால் கூகுள் ஓட்டையை அடைத்துவிட்டால் மட்டும் போதாது. போன் கம்பெனி அதை எடுத்துத் தன் ஒவ்வொரு மாடலுக்கும் தனியாகத் தயார்செய்து அனுப்ப வேண்டும். அந்த இடத்தில்தான் வேலை நின்றுபோகும்.

இப்போது நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது. 2023-இல் வந்த பிக்சல் 8-க்கு கூகுளும், 2024-இல் வந்த கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் ஏழு வருஷ அப்டேட் தருவதாக அறிவித்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது: ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது 5 வருஷத்துக்கு அப்டேட் கிடைக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கம்பெனி சொல்லும் ஏழு வருஷம் அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணப்படுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று இரண்டு வருஷம் பழைய மாடலை வாங்கினால் உங்களுக்கு மிச்சம் ஐந்துதான். விலை குறைந்த மாடல்களுக்கு வாக்குறுதியே குறைவு. வாங்கும் முன் அந்த மாடலின் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

கையில் இருக்கும் போனையும் பாருங்கள். செட்டிங்ஸில் போனைப் பற்றிய பகுதிக்குப் போனால் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியுடையது என்று இருக்கும். சில போன்களில் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால்தான் அது தெரியும். ஸ்பீக்கர் சரியாகக் கேட்கவில்லை என்று ஒரு போன் வந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, உறை போட்டு அவ்வளவு அருமையாக வைத்திருந்தார். அந்தத் தேதியைப் பார்த்தேன், இரண்டு வருஷத்துக்கு மேல் பழையது. முதல் திரையிலேயே வரிசையாக பேங்க் ஆப்கள். ஸ்பீக்கர் வலையில் அடைந்திருந்த தூசியைத் தட்டியதும் சத்தம் வந்துவிட்டது, அவருக்கு மகிழ்ச்சி. பேங்க் வேலைக்கு வேறு போன் பாருங்கள் என்று நான் சொன்னதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. "நல்லாத்தானே ஓடுது சார்?" என்றார். ஓடத்தான் செய்யும்.

மற்ற அம்சங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 200 மெகாபிக்சல் கேமரா என்பது பெரும்பாலான நேரம் 16 பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். அது மோசடி இல்லை, இருட்டில் படம் தெளிவாக வர அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் அந்த எண்ணுக்காகப் போன் மாற்றத் தேவையில்லை. ஐபி68 என்பது புது போனை நல்ல தண்ணீரில் வைத்துச் சோதித்துத் தரும் சான்று. கடல் தண்ணீருக்கும் சோப்புத் தண்ணீருக்கும் அது பொருந்தாது. உள்ளே இருக்கும் பசை நாளாக நாளாக விட்டுப்போகும், ஒருமுறை திறந்த போனில் பழைய பிடிப்பு இருக்குமா என்பது திறந்தவர் கையைப் பொறுத்தது. பல போன்களில் சிம் தட்டு போகும் வழியிலேயே வெள்ளையாக ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும், ஈரம் பட்டால் சிவந்துவிடும். தண்ணீரே படவில்லை என்று சொல்பவரிடம் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

பேட்டரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். போன் திணறுகிறது, புதுசு வாங்கப்போகிறேன் என்று வருபவர்களில் பலருக்குத் தேவைப்படுவது ஒரு பேட்டரிதான். வயதான லித்தியம் அயான் பேட்டரியால் திடீரென்று கேட்கும் மின்சாரத்தைத் தர முடியாது. அப்போது போன் பட்டென்று அணையும், இல்லையென்றால் அணையாமல் இருக்க மென்பொருளே வேகத்தைக் குறைக்கும். பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களில் அப்படிச் செய்வதாக ஆப்பிள் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது, அதற்கு அடுத்த வருஷம்தான் செட்டிங்ஸில் பேட்டரி நலம் பார்க்கும் வசதி வந்தது. நான் சொன்ன ஐரோப்பிய விதி, 800 முறை முழுச் சுற்று ஆன பிறகும் பேட்டரியில் 80 சதவீதக் கொள்ளளவு மிஞ்ச வேண்டும் என்கிறது. இன்று பாதி, நாளை பாதி செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுற்று. சூடுதான் பேட்டரிக்கு எமன். சார்ஜில் போட்டுக்கொண்டே கேம் ஆடுவது அதைச் சீக்கிரம் கொல்லும். பின்மூடி மெல்லத் தூக்கிக்கொண்டு வருகிறது என்றால் பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அமுக்கிப் பார்க்காதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், உடனே கொண்டு வாருங்கள்.

சரி, போன் வாங்கியாகிவிட்டது. என் அனுபவத்தில் ஆன்லைன் வாழ்க்கை ஆட்டம் காண்பது இதற்கு அடுத்த சில நாட்களில்தான். போன் இன்றைக்கு ஒரு சாவிக்கொத்து. மெயில், பேங்க், வாட்ஸ்அப், ஆபீஸ் கணக்கு எல்லாவற்றின் சாவியும் அதில்தான் தொங்குகிறது. பழைய போனிலிருந்து புதியதற்கு மாற்றும் கருவிகள் போட்டோ, தொடர்பு எண்கள், ஆப்கள் எல்லாவற்றையும் அழகாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். சாவிகள் எல்லாமே சேர்ந்து வந்துவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒருவர் புது போன் வாங்கினார். எல்லாம் மாறிவிட்டது என்று திரையில் வந்ததும் பழையதை அங்கேயே ரீசெட் செய்து எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டார். மறுநாள் ஆபீஸ் மெயிலைத் திறக்கப்போனால் ஆறு இலக்கக் குறியீட்டைக் கேட்டது. "சார், கோடு கேக்குது, எஸ்எம்எஸ் வரவே இல்ல" என்று என்னிடம் வந்தார். அது எஸ்எம்எஸ்ஸில் வருவது இல்லை, ஆத்தென்டிகேட்டர் ஆப் காட்டுவது. புது போனில் அந்த ஆப் இருந்தது, திறந்தால் காலி. அந்தக் குறியீடு எங்கிருந்தும் வருவது கிடையாது. அந்த ஆப்பில் ஒரு கணக்கைச் சேர்க்கும்போது போனில் ஒரு ரகசிய எண் பதிவாகும். அதையும் அப்போதைய நேரத்தையும் வைத்து ஆப் தானே 30 விநாடிக்கு ஒருமுறை கணக்குப் போட்டுக் காட்டும். அதனால்தான் நெட்வொர்க் இல்லாத இடத்திலும் அது வேலை செய்கிறது. அதனாலேயே பழைய போனை அழித்தால் அந்த ரகசியமும் சேர்ந்து அழிகிறது. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் அந்த ரகசியத்தை கூகுள் கணக்கோடு இணைத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது, ஆனால் அதை இயக்கியிருக்க வேண்டும். அவர் வைத்திருந்தது வேறு ஆப், பேக்கப்பும் இல்லை. ஆபீஸ் ஐடி ஆட்கள் அவர்தான் அவர் என்று உறுதிசெய்து கணக்கைத் திறந்து கொடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதே ஆப்பில் வைத்திருந்த சொந்தக் கணக்கு ஒன்று கடைசிவரை திரும்பவில்லை.

ஆகவே பழைய போன் குறைந்தது இரண்டு வாரமாவது அப்படியே இருக்கட்டும். எக்ஸ்சேஞ்ச் சலுகை இருந்தாலும் இதைத்தான் சொல்வேன்; உடனே கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு கணக்கையும் புது போனில் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள். ஆத்தென்டிகேட்டர் கையில் இல்லாதபோது உள்ளே போக முக்கியமான கணக்குகள் தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைத்துக்கொள்பவர்களை என்ன சொல்வது! வாட்ஸ்அப் பேக்கப்புக்கு முழு மறையாக்கம், அதாவது சாவி இல்லாமல் யாராலும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதி, 2021-இல் வந்தது. அதை இயக்கிப் பாஸ்வேர்டு வைத்து, புது போனில் அதை மறந்துபோனவர்கள் என்னிடம் வருகிறார்கள். மறந்தால் வாட்ஸ்அப் கம்பெனியாலேயே திறக்க முடியாது, நான் எம்மாத்திரம்? அதற்காக அதை அணைத்துவிடச் சொல்லவில்லை, பழைய போன் இருக்கும்போதே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம் என்கிறேன். வாட்ஸ்அப்பில் இரு படிச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணையும் (உங்கள் எண்ணை வேறு போனில் பதிவுசெய்யும்போது ஓடிபியோடு சேர்த்துக் கேட்பது) அப்போதே போட்டுவிடுங்கள்.

பாஸ்கீ பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். பாஸ்வேர்டுக்குப் பதில் கைரேகை, முகம் அல்லது போனின் லாக் எண்ணைக் கொண்டே கணக்கைத் திறக்கும் முறை அது; 2022 மே மாதம் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரிப்பதாக அறிவித்தன. எனக்கு மிகவும் பிடித்த விஷயம். பாஸ்கீ உண்மையான இணையதள முகவரியோடு பிணைந்திருப்பதால், அதே மாதிரி தோற்றத்தில் போலித் தளம் ஒன்றைக் கட்டி வைத்தாலும் அங்கே அது வேலை செய்யாது. ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கோ அங்கிருந்து இங்கேயோ தாவுபவர்கள் மட்டும், பாஸ்கீ எந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கிறது என்று பழைய போனிலேயே பார்த்துக்கொண்டு, புது போனில் தனியாக ஒன்று உருவாக்கிக்கொள்வது நல்லது.

புது போனோடு புது எண்ணும் வாங்குபவர்களுக்கு ஒன்று. நீங்கள் விட்ட எண் சும்மா கிடக்காது, சில காலம் கழித்து வேறொருவருக்குப் போகும். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், புதிய வாடிக்கையாளர்களுக்காகக் கிடைத்த 259 எண்களை எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலமான தளங்களில் யாருடைய கணக்கோடோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த எண்ணை வாங்குபவர் "பாஸ்வேர்டு மறந்துவிட்டது" என்று அழுத்தினால் ஓடிபி அவருக்குத்தான் போகும். எல்லாக் கணக்கிலும் எண்ணை மாற்றிவிட்டு, அப்புறம் பழைய சிம்மை விடுங்கள்.

நீங்கள் எண்ணை விடாமலேயே மோசடிக்காரர்கள் அதைப் பிடுங்கிக்கொள்வதும் உண்டு. உங்கள் பெயரைச் சொல்லி சிம் தொலைந்துவிட்டது என்று நெட்வொர்க் கம்பெனியை நம்பவைத்து இன்னொரு சிம் வாங்கிவிடுவார்கள். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் தலைமை அதிகாரியாக இருந்த ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கையே அவருடைய எண்ணைக் கைப்பற்றித்தான் பிடித்தார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு சிக்னல் இருந்து, உங்கள் போனில் மட்டும் திடீரென்று சிக்னல் போய், ரீஸ்டார்ட் செய்தும் வரவில்லை என்றால், செட்டிங்ஸை நோண்டிக்கொண்டு இருக்காதீர்கள். வேறு போனிலிருந்து முதலில் நெட்வொர்க் கம்பெனியையும் பேங்கையும் கூப்பிடுங்கள். மெயிலுக்கும் பேங்குக்கும் எஸ்எம்எஸ் ஓடிபி தவிர வேறு வழி கிடைத்தால் அதற்கு மாறிக்கொள்வதும் நல்லது.

இரண்டு வாரம் ஆனது, எல்லாம் திறக்கிறது. இனிப் பழைய போனை அழிக்கலாம். முதலில் சிம்மையும் மெமரி கார்டையும் எடுங்கள். கார்டை மறந்து அப்படியே கொடுப்பவர்கள் ஏராளம். அடுத்து கூகுள் கணக்கிலிருந்தோ ஆப்பிள் கணக்கிலிருந்தோ வெளியேறுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் போனைத் தொடங்கும்போது உங்கள் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் ஃபேக்டரி ரீசெட். ரீசெட் செய்தாலும் போட்டோ திரும்ப எடுத்துவிடுவார்களாமே என்று பயப்படுகிறார்கள். பழைய ஆண்ட்ராய்டு போன்களில் அந்தப் பயம் நியாயமானது, 2015-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் ரீசெட் செய்த போன்களிலிருந்தே தகவல்களை மீட்டுக் காட்டினார்கள். இப்போதைய போன்களில் எல்லாமே மறையாக்கம் செய்துதான் சேமிக்கப்படுகிறது. ரீசெட் செய்யும்போது அதைத் திறக்கும் குறியீடு அழிந்துவிடுவதால், மிஞ்சுவது யாருக்கும் புரியாத குப்பை.

கடைசியாக எங்கள் தொழிலைப் பற்றி. பழுதுக்குக் கொடுக்கும்போது ஸ்க்ரீன் லாக் எண்ணை ஸ்டிக்கரில் எழுதி போனின் முதுகில் ஒட்டிக் கொடுக்கிறார்கள். அந்த போன் மேஜையில் கிடக்கும் நேரம் முழுக்க அந்த வழியாகப் போகிற எல்லோர் கண்ணிலும் அது படும். பேட்டரி மாற்றவோ சார்ஜிங் போர்ட் மாற்றவோ லாக் எண் தேவையில்லை. டிஸ்ப்ளே மாற்றினால் டச் எல்லா மூலையிலும் வேலை செய்கிறதா என்று பார்க்கத் திறக்க வேண்டியிருக்கும், அதற்கு நீங்களே வந்து திறந்து காட்டலாம். சாம்சங்கின் பல போன்களிலும் பிக்சலிலும் இதற்கென்றே பழுதுபார்ப்பு நிலை என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கிக் கொடுத்தால் எங்களால் போனைச் சோதிக்க முடியும், உங்கள் போட்டோவும் மெசேஜும் எங்கள் கண்ணில் படாது. திரும்ப வாங்கும்போது உங்கள் லாக் எண்ணைப் போட்டு அந்த நிலையை நீங்களே முடித்துக்கொள்ளலாம். அந்த வசதி உங்கள் போனில் இல்லை, லாக் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தற்காலிகமாக வேறு எண் வைத்துக் கொடுத்துவிட்டு, போன் கைக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.