பதக்கம் அசல், பார் போலி

பழைய ஜெர்மன் ராணுவப் பதக்கங்களை மதிப்பிடக் கொண்டுவருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது, "இந்தச் சிலுவை அசல்தானே?" என்றுதான். பல பதக்கங்களை ஒரே தகட்டில் வரிசையாகத் தைத்து மார்பில் குத்திக்கொள்ளும் மெடல் பாரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி போதாது. ஒவ்வொரு பதக்கமும் அசலாக இருக்கும். பார் மட்டும் போன மாதம் தைத்ததாக இருக்கும்.

எல்லாம் விலைக்காகத்தான். முதல் உலகப் போரில் இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை சுமார் 50 லட்சம் பேருக்குக் கொடுக்கப்பட்டது. ஜெர்மன் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அந்தப் போருக்காக 1934-இல் ஏற்படுத்திய கௌரவச் சிலுவை அதைவிட அதிகம். தனித்தனியாக இரண்டும் மலிவு. கூடவே பவேரியா என்ற ஜெர்மன் மாநிலத்தின் பதக்கம் ஒன்றைச் சேர்த்துத் தைத்தால் 'ஒரு வீரரின் முழு வரலாறு' ஆகிவிடுகிறது. விலையும் எங்கோ போய்விடுகிறது.

நான் முதலில் பார்ப்பது ரிப்பனின் மடிப்பைத்தான். வெளியே தெரிந்த பகுதி வெளுத்து, மடிப்புக்குள் மறைந்த பகுதி நிறம் மாறாமல் இருக்க வேண்டும். வெளுப்பு முடியும் கோடு இப்போதைய மடிப்போடு பொருந்தாவிட்டால், அந்த ரிப்பன் வேறெங்கோ இருந்து வந்தது. அடுத்து, பதக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தொங்கும்போது பக்கத்துப் பதக்கத்தில் உரசல் தடம் விழும். தடம் இருக்கிறது, உரசக்கூடிய விளிம்பு அருகில் இல்லை என்றால் சந்தேகப்படுங்கள். பின்பக்கத் துணியையும் தையல் நூலையும் புற ஊதா விளக்கில் காட்டுங்கள். நீலவெண்மையாகப் பளிச்சிட்டால், பெரும்பாலும் அது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய நூல். பழுது பார்த்ததாகவும் இருக்கலாம். விற்பவர் அதைச் சொன்னாரா என்பதுதான் கேள்வி.

சேர்க்கையும் பேசும். ஹிண்டன்பர்க் சிலுவை உள்ள பாரை "1918-இல் போர்முனையிலிருந்து கொண்டுவந்தது" என்றால் நம்பாதீர்கள். அந்தச் சிலுவையில் போர்முனை வீரருக்கு உரியது வாள்களோடு கூடியது; கறுப்பு அரக்குப் பூசியது, போரில் இறந்தவரின் மனைவிக்கும் பெற்றோருக்கும் உரியது. வீரரின் பாரில் அது தொங்கினால் விளக்கம் கேளுங்கள்.

காந்தம் ஒட்டுவதை வைத்து முடிவு கட்ட வேண்டாம். போலிகளுக்கும் இரும்பு மையம் வைக்கிறார்கள். 1914 இரும்புச் சிலுவையின் பின்புறம் 1813 என்றிருப்பதைக் காட்டி நெப்போலியன் காலத்தது என்பவர்களும் உண்டு. அது அந்த விருது தொடங்கிய ஆண்டு, அவ்வளவே. வாங்கிய பிறகு பிராஸோ மாதிரி உலோகப் பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், தயவுசெய்து.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒன்று. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு பொழிந்த எம்டன் கப்பல் மாலுமியுடைய சிலுவை என்று யாராவது நீட்டினால், விருதுப் பத்திரத்தைக் கேளுங்கள். இரும்புச் சிலுவையில் பெற்றவர் பெயர் பொறித்துத் தரும் வழக்கமில்லை. பத்திரத்தில்தான் பெயர் இருக்கும். அது இல்லாமல் எம்டன் என்ற பெயருக்காக நான் மதிப்பில் ஒரு ரூபாய்கூடக் கூட்டுவதில்லை.