‘இன்னும் தெரியவில்லை’ வேறு, ‘இல்லை’ வேறு

ஸ்கேன் அறையில் விளக்கைக் குறைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். படுத்திருப்பவர் அந்த அரை இருட்டில் திரையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்ப்பார். நான் லேசாகப் புருவத்தைச் சுருக்கினாலும் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். அதனால் அளவெடுக்கும்போது வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது என்று எனக்கு நானே ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். “இப்போ கர்ப்பப்பையைப் பார்க்கிறேன், அளவெடுக்க ரெண்டு நிமிஷம் ஆகும்” என்று சொன்னாலே பாதிப் படபடப்பு அடங்கிவிடும்.

அப்படி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு முதல் கர்ப்பம், நாள் கணக்குப்படி சரியாக 7 வாரம். முந்தைய இரவு ரத்தம் பட்டதைப் பார்த்ததிலிருந்து பொட்டுத் தூக்கமில்லாமல் வந்திருந்தார். உள்வழி ஸ்கேனில், அதாவது பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் ஸ்கேனில், கர்ப்பப்பைக்குள் 12 மி.மீ. அளவில் சாக், அதாவது கரு வளரும் நீர்ப்பை, தெரிந்தது. அதற்குள் சின்ன வளையம் மாதிரி, கருவுக்கு ஆரம்பத்தில் ஊட்டம் தரும் யோக் சாக்கும் இருந்தது. கரு கண்ணுக்குப் படவில்லை.

“துடிப்பு இருக்கா டாக்டர்?”

“இன்னும் தெரியலைம்மா.”

நான் ‘இன்னும்’ என்று சொன்னது அவர் காதில் விழவே இல்லை. வெளியே போய்த் தன் அம்மாவின் தோளில் சாய்ந்து, “குழந்தை இல்லையாம்மா” என்று அழுதார். அந்தக் குரல் உள்ளே எனக்குக் கேட்டது. இருவரையும் திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அன்று அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வருபவருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். இந்தப் பெண்ணுக்கோ 35 நாளுக்கு ஒருமுறைதான் வரும். அப்படியென்றால் கருமுட்டை வெளியானதே ஒரு வாரம் தள்ளித்தான் இருக்கும். காலண்டர் 7 வாரம் என்றாலும் கருவுக்கு 6 வாரம்தான் ஆகியிருக்கும். உள்வழி ஸ்கேனில் சாக் தெரிவது 5 வாரத்தையொட்டி, யோக் சாக் அதற்குச் சில நாள் கழித்து, துடிப்பு 6 வாரத்தையொட்டி. இதில் இரண்டு மூன்று நாள் முன்பின் ஆவது சகஜம். ஆக, அவருடைய ஸ்கேனில் தெரிய வேண்டியது தெரிந்தது, நேரம் வராதது தெரியவில்லை.

கரு வளரவில்லை என்று ஒரே ஸ்கேனில் முடிவுகட்டுவதற்கு நாங்கள் வைத்திருக்கும் எல்லைகள் கண்டிப்பானவை. சாக் சராசரியாக 25 மி.மீ. ஆகியும் உள்ளே கரு இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது கரு 7 மி.மீ. வளர்ந்தும் துடிப்பு இல்லாமல் இருக்க வேண்டும். முன்பு இதைவிடச் சிறிய அளவுகளிலேயே முடிவு செய்துவந்தார்கள். நல்ல கருவைத் தவறிக்கூடக் கலைத்துவிடக் கூடாது என்றுதான் 2011க்குப் பிறகு உயர்த்தினார்கள். அதற்குக் கீழே எந்த அளவாக இருந்தாலும் பதில் ஒன்றுதான்: பொறுத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும்.

மறுநாளே வேறு இடத்தில் போய்ப் பார்க்கலாமா என்று அவருடைய அம்மா கேட்டார். தாய் மனசு, கேட்கத்தான் செய்யும். ஆனால் அந்த வயதில் கரு ஒரு நாளைக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். மறுநாள் பார்த்தால் புதிதாக எதுவும் தெரியாது, பயம்தான் இரட்டிப்பாகும். குறைந்தது ஒரு வாரம் வேண்டும். இவரை 11 நாள் கழித்து வரச் சொன்னேன்.

முதல் மூன்று மாதத்தில் நாலில் ஒரு பெண்ணுக்காவது கொஞ்சம் ரத்தம் படுகிறது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. கரு பதிந்த இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் ரத்தம் கட்டியிருக்கலாம், கர்ப்பப்பை வாயிலிருந்து கசியலாம், பல நேரம் காரணமே தெரியாமல் தானாக நின்றும்விடும்.

அதற்காக வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று அர்த்தமில்லை. ரத்தம் பட்டால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேட் முழுக்க நனைகிறது, அடிவயிற்றின் ஒரு பக்கம் கடுமையாக வலிக்கிறது, தோள்பட்டை நுனியில் வலிக்கிறது, தலை சுற்றி மயக்கம் வருகிறது என்றால் இரவா பகலா என்று பார்க்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கரு கர்ப்பப்பைக்கு வெளியே, குழாயில் தங்கியிருந்தால் அது உயிருக்கே ஆபத்து. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள், குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவையா என்று முடிவு செய்ய அது வேண்டும்.

அந்தப் பெண் கிளம்பும்போது கதவருகில் நின்று மெதுவாகக் கேட்டார்: “முந்தாநாள் தண்ணி நிறைஞ்ச வாளியைத் தூக்கினேன் டாக்டர். அதனாலயா?” இந்தக் கேள்வியை நான் கேட்காத வாரமே இல்லை. வாளி, மாடிப்படி, வண்டிப் பயணம், அலுவலகத்தில் நடந்த சண்டை என்று ஒவ்வொருவருக்கும் ஒரு குற்றவுணர்வு இருக்கிறது. ஆரம்பத்தில் கலையும் கருக்களில் சுமார் பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். அது கரு உருவாகும்போதே நேர்ந்துவிடுகிறது, வாளி தூக்கியதால் வருவதில்லை. படுத்தபடியே இருந்தால் கரு தங்கும் என்பதற்கும் ஆதாரம் கிடையாது. முன்பு கரு கலைந்திருந்து, இப்போது ரத்தமும் படுகிறது என்றால் புரொஜெஸ்டிரோன் மருந்து உதவலாம். அதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

11 நாள் கழித்து வந்தார். இந்த முறை திரையை முதலிலேயே அவர் பக்கம் திருப்பி வைத்தேன். சாக்குக்குள் 13 மி.மீ. நீளத்தில், அவரைக்காயின் விதை மாதிரி ஒரு கரு. அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னி மின்னி அடித்தது. நிமிடத்துக்கு 152. ரத்தம் பட்ட பிறகும் இந்தக் கட்டத்தில் துடிப்பைப் பார்த்துவிட்டால், ஏறக்குறைய 10ல் 9 பேருக்குக் கர்ப்பம் தொடர்கிறது. அதை அப்படியே சொன்னேன். நூற்றுக்கு நூறு என்று சொல்லவில்லை, எந்த ஸ்கேனும் அப்படி வாக்குக் கொடுக்க முடியாது. 11 முதல் 14 வாரத்துக்குள் கருவின் பின்கழுத்து நீரை அளக்கும் என்டி ஸ்கேன், 18 முதல் 22 வாரத்துக்குள் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் என்று பார்க்க வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

ஒன்றைக் குடும்பத்தாரிடம் தனியாகச் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல ரிப்போர்ட் வந்த அன்றே பயம் போய்விடாது. ஒவ்வொரு முறை கழிப்பறைக்குப் போகும்போதும் ரத்தம் இருக்கிறதா என்றுதான் கண் தேடும். “அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன?” என்று கேட்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், அவர் சொல்வதைக் கேளுங்கள். பல வாரம் ஆகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகவில்லை என்றால் அதையும் எங்களிடம் சொல்லுங்கள்.

துடிப்பின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். இவ்வளவு ஆரம்பத்தில் சத்தத்துக்காக டாப்ளரை, அதாவது ரத்த ஓட்டத்தைச் சத்தமாக மாற்றும் ஸ்கேன் முறையை, போடுவதில்லை, கருவின் மீது ஒலி அலையின் சூடு தேவையில்லாமல் படக் கூடாது. அதற்குப் பதிலாகத் துடிப்பைக் கோடாக வரைந்து காட்டினேன், திரையில் சின்னச் சின்ன அலைகள் வரிசையாக ஓடின. ஜெல்லைத் துடைத்துக்கொள்ளக் காகிதம் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “இன்னொரு தடவை காட்டுறீங்களா டாக்டர்?” என்றார். சில நொடிகள் காட்டினேன். அவருடைய அம்மா திரைக்குப் பக்கத்தில் வந்து நின்று, அலைகளை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார்.